நாற்பத்து மூன்று நகல்கள்

பெல்சிட்டாவின் படத்தை அந்த நிமிடம் நான்கு லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தே ஆக வேண்டியவர்கள் அவர்களில் ஐம்பத்து நான்கு பேர்தான். அந்த ஐம்பத்து நான்கு பேரும் பதினொரு வள்ளங்களில், அந்தோணித்துறை துறைமுகத்துக்கு வெளியே, ஆனி மாதத்துக் கடலில் உள்ளே வர வழி பார்த்து நின்றார்கள். மீதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

மணி மூன்றேகால். ஐஸ் பிளான்ட்டின் மாடி அறையில் மேனேஜர் நாற்காலியை விட்டுவிட்டு பெல்சிட்டா நின்றுகொண்டே திரையைப் பார்த்தாள். கீழே கம்ப்ரஸர் ஓடும் அதிர்வு தரையில் தெரிந்தது. அந்த ஊரில் மின்சாரம் போகாத ஒரே கட்டடம் அது. அதனால்தான் படம் அனுப்பும் இயந்திரத்தை அவள் அங்கே வைத்திருந்தாள்.

"பெல்சி, மூணு அஞ்சுக்கு எடுத்த படம் இப்பதான் வள்ளங்களுக்குப் போய்ச் சேருது" என்றான் ரெக்சன். பிளான்ட்டின் மெக்கானிக். பத்தாம் வகுப்பு வரை இவளோடு ஒரே பெஞ்சில் படித்தவன். கம்ப்ரஸரையும் இந்த இயந்திரத்தையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான்.

"இங்க வந்துட்டுல்லா. மூணு பதினஞ்சு வரைக்கும் வந்திருக்கு, பாரு."

"இங்க வந்து என்னத்துக்கு? வெளிய போகணுமில்லா. நாலு லட்சம் பேரு ஒரே நேரத்துல இழுக்கானுவ. நம்ம லைன் எத்தனை பேரைத் தாங்கும்? ஐயாயிரம் பேரைத் தாங்கும். நெருக்குப்பட்டுச் சாவுது."

"யாருக்க வழியா வாறானுவ?"

"வேற யாரு? அந்த கரைநேரக்காரந்தான்."

அந்தப் பெயரைக் கேட்டாலே பெல்சிட்டாவுக்கு வயிறு எரியும். எரியாமல் என்ன செய்யும்?

அந்தோணித்துறையின் முகத்துவாரத்தில் மணல் ஒரு இடத்தில் நிற்காது. காலையில் ஆள் முங்கும் ஆழம் இருந்த இடத்தில் மாலையில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். அது தெரியாமல் வள்ளத்தை விட்டால் அடி தட்டும். தட்டிய வள்ளத்தை அடுத்த அலை புரட்டிப் போடும். ஆறு வருடத்துக்கு முன்பு பெல்சிட்டாவின் தம்பி லியோன் அப்படித்தான் போனான். அதற்குப் பிறகு அவள் கையிலிருந்ததையும் கழுத்திலிருந்ததையும் போட்டு, அலைத்தடுப்புச் சுவர் நெடுகக் கருவிகளைப் பதித்தாள். அவை அலையின் போக்கை வைத்து அடியில் மணல் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கண்டுபிடித்து நிமிடத்துக்கு ஒரு படம் போடும். மேடு சிவப்பு. வழி பச்சை. போனில் அந்தப் படத்தைத் திறந்தால் நம் வள்ளம் அதன்மேல் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். புள்ளியைப் பச்சையிலேயே ஓட்டிக்கொண்டு வந்தால் கரை. அந்தப் படம் வந்த பிறகு முகத்துவாரத்தில் ஒரு சாவுகூட இல்லை.

இதற்குக் குறுக்கே நின்றது நம் நாட்டின் மூலப்படச் சட்டம். அது வருவதற்கு முன் யார் எடுத்த படத்தையும் யார் வேண்டுமானாலும் நகல் எடுத்து, தன் பெயரைப் போட்டு விற்றார்கள். கேட்க நாதியில்லை. அதனால் சட்டம் வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள், பெல்சிட்டா உட்பட. இனி ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே ஒரு முத்திரை. படம் அதை எடுத்தவரின் இயந்திரத்தில் மட்டும்தான் இருக்கும். வேறு எங்காவது ஒரு நகல் விழுந்தால் அந்த நொடியே தலைநகரில் படவுரிமை ஆணையத்தில் மணி அடிக்கும். ஜாமீன் கிடையாது. ஆனால் நகல் எடுக்காமல், எடுத்தவரின் இயந்திரத்திலிருந்தே இழுத்துத் தன் பக்கத்தில் காட்டுவதற்குத் தடை இல்லை. சட்டம் எழுதியவர்கள் அதைப் பெருந்தன்மை என்று நினைத்திருக்க வேண்டும். காட்டுகிற பெருமை ஒருவனுக்கு, சுமக்கிற முதுகு இன்னொருவருக்கு என்று ஆகும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

அப்படிக் காட்டியவன் சென்னையிலிருக்கும் இளம்பரிதி. 'கரைநேரம்' என்ற அவனுடைய பக்கத்தில் மீன் விலை, காற்று, மழை எல்லாம் வரும். நடுவில் பெல்சிட்டாவின் படம். அதன்மேல் பெரிய எழுத்தில் அவனுடைய பெயர், சுற்றிலும் விளம்பரம். அவள் மூன்று முறை ஆணையத்துக்கு எழுதினாள். 'நகல் எடுக்கப்படவில்லை, எனவே குற்றமில்லை' என்று மூன்று முறையும் ஒரே பதில். கடைசியில் தன்னுடைய சொந்தப் பக்கத்துக்காவது கண்டவன் வரக்கூடாது என்று, கைரேகை வைத்தால்தான் திறக்கும்படி பூட்டுப் போட்டாள். ஊரிலிருக்கும் எல்லா மீனவர்களின் ரேகையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வரிசையில் நிறுத்திப் பதிந்தாள்.

இன்று மதியம் ஏதோ ஒரு டிவிக்காரன் 'புயல் கடலில் பதினொரு படகுகள், நேரலையில் பாருங்கள்' என்று கரைநேரத்தின் பெயரைச் சொல்லிவிட்டான். நாடே வந்து உட்கார்ந்துகொண்டது.

"பத்து நிமிஷம் முந்தின படத்தைப் பாத்து ஒருத்தன் உள்ள வந்தா என்ன ஆவும் தெரியுமா?" என்றாள் பெல்சிட்டா.

"தெரியும். என்ன செய்யணும்னு சொல்லு."

"கரைநேரத்தை மூடு."

படத்தின் உரிமையாளருக்குச் சட்டம் கொடுத்திருந்த ஒரே ஆயுதம் அது. இன்ன பக்கத்தில் என் படம் தெரியக்கூடாது என்று மூடலாம். ரெக்சன் தயங்கினான். "மூடுனா திரும்பத் திறக்க ஆணையத்துல ஆறு நிமிஷம் ஆகும், பாத்துக்க."

"எதுக்குத் திறக்கேன்? ஒரேயடியா மூடு. நம்ம ஆளுங்க நம்ம பக்கத்துலதானே பாக்காங்க."

அவன் மூடினான். நான்கு லட்சம் என்ற எண் அப்படியே சரிந்து முந்நூறுக்கு வந்தது. லைன் லேசானது. மூன்று பதினேழு படம் மூன்று பதினேழுக்கே வெளியே போனது. மூன்று வருடக் கோபம் தீர்ந்த மாதிரி இருந்தது அவளுக்கு. சிரிப்புக்கூட வந்தது.

அந்தச் சிரிப்பு ஒரு நிமிடம் நிலைத்திருக்கும். அதற்குள் மேசையிலிருந்த வயர்லெஸ் கரகரத்தது.

"பிளான்ட்டு, பிளான்ட்டு. படம் கறுத்துப் போச்சு. ஒண்ணும் தெரியல்ல." அவளுடைய கணவன் ஆன்சலத்தின் குரல்.

"இஞ்சேருங்க, படம் போய்க்கிட்டுதான் இருக்கு. நல்லாப் பாருங்க."

"இல்ல பிள்ளே, கறுப்பாட்டு கிடக்கு. எல்லா வள்ளத்துலயும் அப்படித்தான் சொல்லுகானுவ. டெல்லஸ் முகத்துவாரத்துக்குள்ள ஏறிட்டான். அவனுக்கும் தெரியல்லன்னு கத்துகான்."

பெல்சிட்டா ரெக்சனைப் பார்த்தாள். ரெக்சன் திரையைப் பார்த்தான். படம் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அதை இழுத்த முந்நூறு ரேகைகளும் கரையில் இருந்தவர்களுடையவை. கடலிலிருந்து ஒருவர்கூட அதை இழுக்கவில்லை.

"நீங்க எதுலங்க பாக்கிய?" என்று கேட்டாள்.

ஆன்சலம் காற்றின் இரைச்சலினூடே சொன்னான். "கோவப்படாத. கரைநேரத்துலதான். ஒனக்க பூட்டை யாரு திறக்கது? ஈரக் கை. கயிறு இழுத்து இழுத்து ரேகை எல்லாம் தேஞ்சு போய் கிடக்கு. பத்து தடவை வச்சாலும் வாங்க மாட்டேங்குது. இவன் ஒண்ணும் கேக்க மாட்டான், தொட்டா திறக்கும். எல்லாரும் அதுலதான் பாக்கோம். ஒனக்கு மனசு கஷ்டப்படும்னு சொல்லல்ல."

பூசை முடிந்த வரிசையில் கைகளெல்லாம் காய்ந்திருந்தன. அதை அவள் யோசிக்கவே இல்லை.

"ரெக்சா, திற. திறந்துவிடு."

"ஆணையத்துக்குப் போட்டாச்சு. ஆறு நிமிஷம்."

அவள் தன் பக்கத்தின் ரேகைப் பூட்டைக் கழற்றிவிட்டு வயர்லெஸ்ஸை எடுத்தாள். "பூட்டை எடுத்தாச்சு. நம்ம பக்கத்துக்கு வாங்க. எல்லாரும் நம்ம பக்கத்தைத் திறங்க."

"எந்தக் கையால திறக்க?" என்றது இன்னொரு வள்ளத்தின் குரல். "போனை பாலித்தீன்ல சுத்தி கம்புல கெட்டியிருக்கு. சுக்கானை விட்டா வள்ளம் கவுந்துரும், மத்தவனுவ தண்ணி கோரிக்கிட்டு நிக்கானுவ."

வாயால் வழி சொல்லலாம் என்றால் எந்த வள்ளம் எங்கே நிற்கிறது என்பது இவள் திரையில் இல்லை. வெள்ளைப் புள்ளி அவரவர் போனில் மட்டும்தான் விழும். இருந்தாலும் அவள் ஜன்னலுக்கு ஓடி, மழையினூடே டெல்லஸின் நீல வள்ளத்தைத் தேடிப் பிடித்தாள். நடுவில் வந்துவிட்டது. திரும்பவும் முடியாது.

"டெல்லஸு, கிழக்க பிடி. கிழக்க. சுவரை ஒட்டி வா."

"அக்கா, எவ்வளவு கிழக்க?" என்றான் டெல்லஸ். முப்பத்து நான்கு வயது. மூன்று வீடு தள்ளி இருப்பவன். எப்போதும் முதல் ஆளாகக் கரைக்கு வருகிறவன். "அக்கா, எவ்வளவுன்னு சொல்லுங்க."

அவள் திரைக்குத் திரும்பி ஓடி, பச்சையின் அகலத்தைப் பார்த்து, மறுபடி ஜன்னலுக்கு வருவதற்குள் நீல வள்ளம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அடி தட்டிவிட்டது. பின்னால் வந்த அலை அதைப் புரட்டியது. நான்கு தலைகள் தண்ணீரில் விழுந்தன. சுவரின் மேலிருந்தவர்கள் கயிற்றோடு ஓடினார்கள். மூன்று பேர் கயிற்றைப் பிடித்தார்கள். அவள் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். மூன்றுதான்.

ஆறாவது நிமிடம் கரைநேரம் திறந்தது. நான்கு லட்சம் பேராகப் போனவர்கள் நான்கரை லட்சமாகத் திரும்பி வந்தார்கள், வள்ளம் கவிழ்ந்த செய்தி பரவியிருந்ததால். படம் மறுபடி பத்து நிமிடம் பின்தங்கியது. வெளியே இன்னும் பத்து வள்ளங்கள். ஐம்பது பேர். டீசல் இன்னும் ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும் என்றான் ஆன்சலம். இன்னொருவன் அதுகூட இல்லை என்றான்.

திறந்தாலும் சாவு, மூடினாலும் சாவு. பெல்சிட்டா தன் வாழ்நாளில் பேசவே கூடாது என்று வைத்திருந்த எண்ணைக் கூப்பிட்டாள்.

"இளம்பரிதி பேசறேன்." இளைய குரல். பின்னால் விசிறி ஓடும் சத்தம்.

"நான் அந்தோணித்துறை பெல்சிட்டா."

"மேடம், மறுபடியும் கம்ப்ளெய்ண்ட்டா? நாங்க நகல்..."

"அது இல்ல. கேளுங்க." அவள் சொன்னாள். மூச்சு விடாமல் சொன்னாள். தான் மூடியதையும் சேர்த்துச் சொன்னாள். "கரையில இருக்கவங்களை நிறுத்துங்க. கடல்ல இருக்கவங்களுக்கு மட்டும் காட்டுங்க. அவ்வளவுதான் கேக்கேன்."

"யார் கடல்ல, யார் கரையிலன்னு எனக்குத் தெரியாது மேடம். அந்த வெள்ளைப் புள்ளிய அவங்க போனே போட்டுக்குது. எங்ககிட்ட வராது."

"வேற வழியே இல்லையா?"

"ஒண்ணு இருக்கு. நிமிஷத்துக்கு ஒரு தடவை உங்ககிட்டருந்து ஒரே ஒரு நகல் எடுத்து எங்க மெஷின்ல வெச்சுட்டா, அத்தனை பேருக்கும் நாங்களே அனுப்பிடலாம். உங்க லைன்ல ஒருத்தன்தான் இருப்பான். ஒரு கோடி பேர் வந்தாலும் எங்க மெஷின் தாங்கும். ஆனா அது..."

"எடுங்க. நான்தான் உரிமையாளர். நான் சொல்லுகேன், எடுங்க."

"வாய்ல சொன்னா செல்லாது மேடம். எழுத்துல குடுத்து மூணு நாள் ஆகணும். நிமிஷத்துக்கு ஒரு நகல்னா நிமிஷத்துக்கு ஒரு கேஸ். உங்க பழைய கம்ப்ளெய்ண்ட் மூணு வேற என் பேர்ல இருக்கு. எனக்குக் கல்யாணம் ஆகி எட்டு மாசம்தான் ஆகுது." பிறகு அவனே கேட்டான். "வள்ளத்துல எத்தனை பேர்?"

"ஐம்பது."

போன் துண்டிக்கப்பட்டது. அவன் துண்டித்தானா, லைன் போனதா என்று தெரியவில்லை. திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அவன் ஓடிவிட்டான் என்று நினைத்தாள். தான் செய்ததைவிட அவன் என்ன பெரிதாகச் செய்துவிட்டான்?

"பெல்சி" என்றான் ரெக்சன். "இங்க பாரு."

கரைநேரம் வழியாக இழுப்பவர்கள் எண்ணிக்கை நான்கரை லட்சத்திலிருந்து கீழே வந்துகொண்டிருந்தது. இரண்டு லட்சம். நாற்பதாயிரம். தொள்ளாயிரம். கடைசியில் ஒன்று என்று வந்து நின்றது. ஒரே ஒரு ஆள், நிமிடத்துக்கு ஒரு முறை வந்து, ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு போனான்.

வயர்லெஸ்ஸில் ஆன்சலம் கத்தினான். "படம் வந்துட்டு. நல்லா வருது. உள்ள வாறோம்."

பத்து வள்ளங்களும் உள்ளே வந்து சேர நாற்பத்து மூன்று நிமிடம் ஆனது. கடைசி வள்ளம் சுவருக்குள் நுழைந்ததும் அந்த 'ஒன்று' பூஜ்யம் ஆனது. அன்று சாயங்காலமே சென்னையில் ஆணையத்தார் இளம்பரிதியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். டெல்லஸின் உடல் மறுநாள் காலையில் கரை ஒதுங்கியது.

அடக்கத்தன்று ஊரே கரைநேரக்காரனைச் சபித்தது. சரியான நேரத்தில் படத்தை அணைத்துப் போட்டு ஒரு உயிரை வாங்கிவிட்டான் என்றார்கள். அவனைப் பிடித்தது நல்லதுக்குத்தான் என்றார்கள். டெல்லஸின் மனைவி ஸ்டெபி பெல்சிட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வச்ச படந்தானே அக்கா மத்தவங்களையாவது காப்பாத்திச்சு" என்று அழுதாள். ரெக்சன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த ஊருல எனக்கும் ஒனக்கும் மட்டுந்தான் தெரியும். வாயைத் திறக்காத. திறந்தா டெல்லஸ் வரப்போறதில்ல" என்றான். அவள் திறக்கவில்லை. ஆன்சலத்திடம்கூட. நான்கு நாள் சோறு இறங்கவில்லை. அதைத் துக்கம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் முற்பகல், நாகர்கோவிலிலிருந்து ஆணையத்தின் ஆய்வாளர் கோலப்பன் ஐஸ் பிளான்ட்டுக்கு வந்தார். ஐம்பது வயது, சாந்தமான மனிதர். ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"நாப்பத்து மூணு நகல்ம்மா. முன்னாடி மூணு புகார் வேற நீங்களே குடுத்திருக்கிய. ஆள் தப்பிக்க முடியாது. பதினோரு வருஷமாவது போடுவாங்க. இதுல ஒரு கையெழுத்து போட்டா உங்களுக்கு நஷ்டஈடும் வரும்."

"நான்தான் சார் எடுக்கச் சொன்னேன்."

"எழுத்துல குடுத்தியளா?"

"வள்ளம் வெளிய நிக்கு சார். எழுத எங்க நேரம்?"

"அப்போ சொன்னதா ஆவாதும்மா." அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. "நீங்க கையெழுத்து போடாட்டியும் கேஸ் நடக்கும்."

பெல்சிட்டா கேட்டாள். "படத்தை மூடினதுக்கு என்ன சட்டம் சார்?"

"மூடினதுக்கா? மூடுறது உரிமையாளருக்க உரிமை. அதுக்கு ஒண்ணும் கிடையாது."

"மூடினதால ஒருத்தன் செத்தா?"

கோலப்பன் கண்ணாடியைக் கழற்றினார். அவர் புரிந்துகொண்டார். கதவருகே நின்ற ரெக்சன், "பெல்சி, வேண்டாம்" என்றான்.

"அதுக்கும் கிடையாதும்மா" என்றார் கோலப்பன் மெதுவாக.

அவள் படிவத்தைத் தன் பக்கம் திருப்பினாள். 'நகல்களால் உரிமையாளருக்கு நேர்ந்த இழப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார்' என்று எழுதினாள். கீழே இடம் போதாமல் பின்பக்கம் திருப்பி, 'மூன்று பதினேழுக்குப் படத்தை மூடச் சொன்னது நான். டெல்லஸ் செத்தது அதனால். நகல் எடுத்தவர் என் பேச்சைக் கேட்டு எடுத்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"இது அவருக்கு உதவுமா சார்?"

"உதவலாம். கொஞ்சம் குறையலாம்." அவர் அதை இரண்டு முறை படித்தார். "ஆனா இதை ஆணையம் வெளிய போடும்மா. யார் வேணும்னாலும் பாக்கலாம். ஒங்க ஊரு ஒங்களைச் சும்மா விடுமா?"

"விடாது."

"யோசிச்சுக்குங்க. நாளைக்கு வேணும்னா வாறேன்."

"நாளைக்கு வேண்டாம் சார். பத்து நிமிஷம் இருங்க. இதை முதல்ல ஒரு வீட்டுல காட்டணும்."

அவள் படிவத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ரெக்சன் பின்னால் வந்தான், பிறகு நின்றுவிட்டான். மழை விட்டிருந்தது. கடற்கரைச் சாலையில் வலை காயப்போட்டிருந்தவர்கள் அவளைப் பார்த்து மரியாதையாக வழி விட்டார்கள். தன் வீட்டைத் தாண்டி மூன்று வீடு நடந்து, கதவைத் தட்டினாள்.

ஸ்டெபி திறந்தாள். அழுது வீங்கிய முகத்தில், அவளைக் கண்டதும் கொஞ்சம் தெளிவு வந்தது. "வாங்கக்கா. வெளிய நிக்கிய? உள்ள வாங்க."

"உள்ள வரல்ல ஸ்டெபி. நான் சொல்லுகதைக் கேட்டுட்டு நீ கூப்பிட்டா வாறேன்" என்றாள் பெல்சிட்டா. "படத்தை அணைச்சது அந்தச் சென்னைக்காரன் இல்ல. நான்."